சீனாவில் கூஜெங்: கற்க, வாங்க, ஊருக்குப் பத்திரமாகக் கொண்டுவர

படிக்கவோ வேலைக்கோ சீனாவுக்குப் போன தமிழர்களில் பலர், ஏதாவது ஒரு பூங்காவிலோ தேநீர் விடுதியிலோ கூஜெங் என்ற நீளமான சீனத் தந்தி வாத்தியத்தின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "இதை நாமும் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். இசையைவிட மற்ற விஷயங்கள்தான் ஆளை அலைக்கழிக்கும். எந்த வாத்தியத்தை வாங்குவது, எந்த ரசீதைக் கேட்பது, ஒன்றரை மீட்டருக்கும் நீளமான ஒரு மரப்பெட்டியை எப்படிச் சென்னை வரை கொண்டுசேர்ப்பது என்பதற்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. சீன மொழியில் இருக்கும் குறிப்புகள் உள்ளூர்க்காரர்களுக்கானவை. சுங்கம் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இருக்காது. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். விலைகள் எல்லாம் கடைகளில் விசாரித்து அறிந்த தோராயக் கணக்கு. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூஜெங்கில் வலது கை ஒலியை எழுப்புகிறது. அந்த ஒலிக்கு உயிர் கொடுப்பது இடது கை. தந்தியை மீட்டிய பிறகு, அது அடங்குவதற்குள் இடது கை அதை அழுத்தி, அசைத்து, வளைக்கிறது. ஆசிரியரைத் தேடும்போதும் வாத்தியத்தைத் தட்டிப் பார்க்கும்போதும் இதுவே உங்கள் அளவுகோலாக இருக்கட்டும்.

1. முதலில் வாத்தியத்தைச் சரியாக அடையாளம் காணுங்கள்

கூஜெங், கூச்சின் இரண்டும் வேறு வேறு. கூச்சினுக்கு ஏழு தந்திகள், குதிரைகள் (தந்தியைத் தாங்கி நிற்கும் சிறு கட்டைகள்) கிடையாது. ஒலி மிக மெல்லியது, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. கூஜெங்குக்கு 21 தந்திகள், ஒவ்வொரு தந்திக்கும் தனிக் குதிரை, ஒரு சின்ன அரங்கை நிறைக்கும் ஒலி. நீளம் வழக்கமாக 163 செ.மீ. இணையக் கடைகளில் ஒன்றைத் தேடினால் மற்றதும் சேர்ந்தே வரும். படத்தில் தந்திகளையும் குதிரைகளையும் எண்ணிப் பாருங்கள்.

இதைவிட நீளம் குறைந்த 'சிறிய கூஜெங்' வகைகளும் உண்டு. எடுத்துச்செல்ல எளிது என்று விற்பார்கள். தந்தி நீளம் குறையக் குறைய கீழ்ஸ்தாயி தொளதொளத்துப் போகும், இடது கை அழுத்தத்துக்கும் இடம் போதாது. விடுதி அறை மிகச் சிறியதாக இருந்தால் தவிர, முழு அளவே வாங்குங்கள்.

2. உங்கள் காது ஏற்கெனவே பாதி தயார்

கூஜெங்கின் வெறுந்தந்திகளைக் கீழிருந்து மேலாக வரிசையாக மீட்டினால் வருவது நம் மோகன ராகம்தான்: ஸ ரி க ப த. டி சுருதியில் டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி என்ற ஐந்தும் நான்கு ஸ்தாயிகளுக்கு வந்து, மேலே ஒரு டி சேர்ந்தால் 21 தந்திகள். பச்சை நிறத் தந்திகள் பஞ்சமம். கண் தடுமாறாமல் இருக்க அவைதான் அடையாளம். மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்தசாவேரி. இந்தக் கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு, ஒரே தந்தி வரிசையிலிருந்து சீன மெட்டுகள் ஏன் இத்தனை வேறுபட்ட முகங்களோடு வருகின்றன என்பது சட்டென்று விளங்கும்.

மத்தியமமும் நிஷாதமும் தந்தியில் இல்லை. காந்தாரத் தந்தியை இடது கையால் அரைச்சுரம் அழுத்தினால் மத்தியமம், தைவதத் தந்தியை முழுச்சுரம் அழுத்தினால் நிஷாதம். ஆரம்பத்தில் எல்லாருக்கும் இது பிசகும். சுருதி ஞானம் உள்ள நம்மவர்களுக்குப் பிசகு உடனே காதில் உறுத்தும், அதனாலேயே சீக்கிரம் சரியாகும்.

பாடம் எழுதும் முறையும் அந்நியமில்லை. 1, 2, 3, 5, 6 என்று எண்களால் எழுதும் ஜியான்பு முறையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மேல்ஸ்தாயிக்கு எண்ணின் தலையில் புள்ளி, கீழ்ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. காலம் பாதியாகக் குறைந்தால் அடியில் ஒரு கோடு. ஸ்வரம் எழுதிப் பழகியவர்கள் சில நாட்களில் வாசிக்கத் தொடங்கிவிடலாம். சீன எழுத்து தெரிய வேண்டிய அவசியமே இல்லை. விரல் குறியீடுகள் சில மட்டும் மனப்பாடம் ஆனால் போதும்.

3. ஆசிரியரைத் தேடுதல்

பெருநகரங்களில் தனிவகுப்பு 45 நிமிடத்துக்கு 150 முதல் 300 யுவான் வரை கேட்பார்கள். சிறு நகரங்களில் குறைவு. நாலைந்து பேர் சேர்ந்த குழு வகுப்பு பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் முதல் மூன்று மாதம் தனிவகுப்பே நல்லது, ஏனென்றால் கை வாகு அப்போதுதான் படிகிறது. இசைக் கல்லூரி உள்ள ஊரில் இருந்தால், அங்கே கூஜெங் படிக்கும் மூத்த மாணவர்கள் நியாயமான கட்டணத்தில் அருமையாகச் சொல்லித் தருவார்கள். ஷாங்காய், பெய்ஜிங், ஷிஆன், நான்ஜிங் எல்லாவற்றிலும் அப்படிப்பட்ட கல்லூரிகள் உண்டு.

சேரும் முன் ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: "எந்தப் பாணி?" ஹெனான், ஷான்டோங், சாவ்ஜோ, ஹக்கா, ஜெஜியாங், ஷான்ஷி என்று வட்டாரப் பாணிகள் இருக்கின்றன. ஹெனானில் இழுப்பும் அதிர்வும் அகலமாக, உரத்து இருக்கும். சாவ்ஜோ பாணியில் ஒரே தந்தியை எவ்வளவு அழுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே மெட்டின் மனநிலை மாறிவிடும். ஷான்ஷியில் நான்காம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும் பியானோ கட்டைகளில் அகப்படாத இடத்தில் நிற்கும். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு சாவ்ஜோவும் ஷான்ஷியும் மிக நெருக்கமாகத் தோன்றும் என்பது என் எண்ணம். எதையும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் "பாணி என்று ஒன்றும் இல்லை, தேர்வுப் பாடம்தான்" என்று சொல்பவரிடம் தயங்குங்கள்.

இரண்டாவது கேள்வி: "இடது கைப் பயிற்சி எப்போது தொடங்கும்?" சில மாதங்களுக்குள் என்றால் சரி. பல இடங்களில், கேட்பவரை மயக்க வேண்டும் என்பதற்காக எல்லாத் தந்திகளையும் சரசரவென்று வருடிச் செல்லும் வித்தையை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்து, திரைப்படப் பாட்டு ஒன்றை வாசிக்க வைப்பார்கள். வீடியோவில் அழகாக இருக்கும். இடது கை மட்டும் சும்மா தொங்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறி: முன்பணப் பொதி. ஐம்பது, நூறு வகுப்புகளுக்கு மொத்தமாகக் கட்டினால் பெரிய தள்ளுபடி என்பார்கள். வகுப்பு நடத்தும் இடம் திடீரென்று மூடப்பட்டால் பணம் திரும்பி வராது. வெளிநாட்டுக்காரர் பின்தொடர்ந்து வழக்காடுவதும் கடினம். பத்து வகுப்புக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். சோதனை வகுப்பு ஒன்று இலவசமாகவோ குறைந்த விலையிலோ எங்கும் கிடைக்கும், அதை மூன்று இடங்களில் எடுத்துப் பாருங்கள்.

விசா விஷயம்: ஏற்கெனவே மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் ஓய்வு நேரத்தில் வகுப்புக்குப் போகத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் மாணவர் விசாவில் இருந்துகொண்டு விடுதிகளில் காசு வாங்கி வாசிப்பது சட்டப்படி வேலை செய்வதாகும். நன்றாக வாசிக்க வந்ததும் இந்த அழைப்பு உங்களைத் தேடி வரும், குறிப்பாக வெளிநாட்டு முகம் என்பதால். கல்லூரியின் எழுத்துமூல அனுமதியும் குடிவரவுத் துறையின் ஒப்புதலும் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

4. வாங்க அவசரப்படாதீர்கள்

முதல் இரண்டு மூன்று மாதம் வாடகைக்கு எடுங்கள். மாதம் 100 முதல் 200 யுவானுக்குக் கடைகளே தருகின்றன, வைப்புத்தொகை தனி. வகுப்பு நடக்கும் இடத்தில் மணிக் கணக்கில் பயிற்சி அறை கிடைத்தால் இன்னும் மலிவு. எதற்காக இந்தப் பொறுமை என்றால், நல்ல ஒலி எது என்பது உங்கள் காதுக்கு அதற்குள் பழகியிருக்கும். கேட்கத் தெரியாமல் வாங்கினால் செதுக்கு வேலைப்பாட்டுக்குத்தான் காசு கொடுப்பீர்கள்.

5. வாங்கும்போது எதைப் பார்ப்பது

விலை நிலவரம் இப்படி: 800 யுவானுக்குக் கீழே விற்கப்படுபவை பெரும்பாலும் அலங்காரப் பொருள், சுருதி நிற்காது. 1,500 முதல் 3,000 வரை தொடக்கக்காரருக்குப் போதுமான வாத்தியம். 5,000க்கு மேல் போனால் பல ஆண்டுகளுக்கு மாற்ற வேண்டாம். 10,000க்கு மேல் உள்ளவற்றில் விலையின் பெரும்பகுதி பக்கப் பலகையின் விலையுயர்ந்த மரத்துக்கும் செதுக்கு வேலைக்கும் போகிறது. ஒலியை முதன்மையாகத் தீர்மானிப்பது மேற்பலகை. அது மிக இலேசான பாலோனியா மரம். ஹெனான் மாகாணத்தின் லான்காவ் பகுதியில் விளையும் பலகைக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பலகை எத்தனை ஆண்டு உலர்ந்தது என்று கேளுங்கள்.

யாங்ஜோ நகரம் கூஜெங் தயாரிப்பின் தலைநகரம். ஷாங்காயிலிருந்து ரயிலில் அரை நாளுக்குள் போய்ச் சேரலாம், பயணச்சீட்டுக்கும் நிலையத்தில் நுழையவும் பாஸ்போர்ட் வேண்டும். ஷாங்காயில் தயாராகும் டுன்ஹுவாங் போன்ற பெரிய பெயர்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். யாங்ஜோவுக்குப் போவதன் பயன், ஒரே நாளில் பல பட்டறைகளில் கைவைத்துப் பார்க்கலாம் என்பதே.

கடையில் இந்த வரிசையில் சோதியுங்கள்.

உச்சஸ்தாயியின் முதல் ஐந்து தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். 'டொக்' என்று மரத்தைத் தட்டியது போல் வறண்டு நின்றுவிட்டால் வேண்டாம். பிறகு கடைசி ஐந்து தடித்த தந்திகள். ஒலி நீளமாக இருக்க வேண்டும், ஆனால் ஒன்றோடொன்று கலந்து குழம்பக் கூடாது. அடுத்து நடு ஸ்தாயியில் காந்தாரத் தந்தியை மீட்டி, ஒலி அடங்குவதற்குள் இடது கையால் மெல்ல அழுத்தி மத்தியமத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே நிறுத்துங்கள். நல்ல வாத்தியத்தில் அழுத்திய ஸ்வரம் இன்னும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். மட்டமானதில் அழுத்தும்போதே ஒலி செத்துவிடும். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனையே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

பிறகு ஒரு மெல்லிய தாளை எடுத்து ஒவ்வொரு குதிரையின் காலடியிலும் நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால், அந்தக் கால் பலகையில் முழுதாக உட்காரவில்லை, அதிர்வு அங்கே வீணாகிறது. குதிரையைச் சற்று நகர்த்தியும் தாள் போகிறதென்றால் குதிரையையோ வாத்தியத்தையோ மாற்றச் சொல்லுங்கள். கைபேசி விளக்கை அடிப்பலகைத் துளை வழியாக உள்ளே அடித்துப் பாருங்கள்: பசை வழிந்த தடம், விரிசல், ஒட்டாமல் நிற்கும் குறுக்குக் கட்டை எல்லாம் தெரியும். வலது முனையில் மூடிக்குள் இருக்கும் திருகாணிகளில் நாலைந்தைச் சாவியால் திருகிப் பாருங்கள். இறுக்கமாகத் திரும்பி, விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

கடைக்காரர் தன் ஊழியரை வாசிக்கச் சொல்வார். கேளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தேர்ந்த கை எந்த வாத்தியத்தையும் அழகாக ஒலிக்க வைக்கும். முடிந்தால் உங்கள் ஆசிரியரையே அழைத்துப் போங்கள். ஆனால் சில ஆசிரியர்களுக்குக் கடையிலிருந்து தரகு உண்டு என்பது சீனாவில் எல்லாரும் அறிந்த நடைமுறை. ஆசிரியர் ஒரே ஒரு கடையை மட்டும் வலியுறுத்தினால், வேறு கடையிலும் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பணம் கட்டும்போது: அலிபே, வீசாட் என்ற கைபேசிச் செயலிகள் இரண்டிலும் இந்திய அட்டையை இணைக்கலாம் என்றாலும், வெளிநாட்டு அட்டையில் 200 யுவானுக்கு மேல் கட்டினால் 3 சதவீதக் கட்டணம் ஏறும். 5,000 யுவானுக்கு அது 150 யுவான். சீன வங்கிக் கணக்கு இருந்தால் அதிலிருந்தே கட்டுங்கள்.

6. காகிதங்கள்: இந்தப் படியைத் தாண்டாதீர்கள்

என் வாத்தியம் சென்னைச் சுங்கத்தில் தேங்கிக் கிடந்தது. அதற்கு ஒரே காரணம், கடை கொடுத்த ரசீதில் 'இசைக்கருவி, ஒன்று' என்று மட்டும் இருந்தது. மரம் எது என்ற கேள்விக்கு என் கையில் பதிலாக ஒரு தாளும் இல்லை. கடைக்காரர் தகவல் அனுப்பும் வரை காத்திருக்க நேர்ந்தது, அதற்குள் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போனது. நீங்கள் கடையை விட்டு வெளியே வரும் முன் இவை உங்கள் கையில் இருக்க வேண்டும்:

முதலாவது, ஃபாபியாவ் எனப்படும் அரசு முறை வரி ரசீது. கடையின் முத்திரை குத்திய சாதாரணச் சீட்டு போதாது. "ரசீது வேண்டாம் என்றால் விலை குறைக்கிறேன்" என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம்மில் பலர் தாவ்பாவ் என்ற இணையக் கடைக் கணக்கிலும் வகுப்பிலும் ஒரு சீனப் பெயரை வைத்துக்கொள்கிறோம். அந்தப் பெயரில் ரசீது வந்தால் அது உங்களுடையது என்று நிரூபிக்க முடியாது.

இரண்டாவது, பொருள் விவரத் தாள்: மேற்பலகை, பக்கப் பலகை, அடிப்பலகை ஒவ்வொன்றின் மரம், அதன் அறிவியல் பெயருடன். வியாபாரப் பெயர்களை நம்ப முடியாது, ஒரே பெயரில் நாலு வகை மரங்கள் விற்கப்படும். வாத்தியத்தின் வரிசை எண், உற்பத்தியாளர் பெயர், அளவுகள், எடை இதிலேயே இருந்தால் நல்லது. கூடவே, வரிசை எண் தெரியும்படி ஒரு புகைப்படம், பணம் கட்டிய திரைப்பிடிப்பு.

மரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பக்கப் பலகைகளில் தோதகத்தி இன மரங்கள் அதிகம் பயன்படுகின்றன. அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் 2017 ஜனவரியில் அந்த இனம் முழுவதும் சேர்க்கப்பட்டது. 2019 நவம்பர் முதல், செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் பிரேசில் தோதகத்திக்கு அந்த விலக்கு பொருந்தாது. எந்த இனம் என்று தாளில் இருந்தால் இந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடியும்.

இன்னொரு எச்சரிக்கை நமக்கென்றே உரியது. சீனாவில் மிக மதிப்புள்ளதாக விற்கப்படும் 'சிறு இலைச் சந்தனம்' வேறொன்றுமில்லை, ஆந்திர மலைகளில் விளையும் நம் செம்மரம்தான். அதில் செய்த வாத்தியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தியாவுக்குள் கொண்டுவராதீர்கள். செம்மரத்தைச் சுற்றி நம் நாட்டில் இருக்கும் கெடுபிடியை நான் சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் சொல்லி மாளாது.

அதேபோல, தந்தியை மீட்ட விரலில் ஒட்டிக்கொள்ளும் நகங்களில் ஆமையோட்டில் செய்தவை. தொன்மையானது, ஒலி இனிமை என்று தனியே எடுத்துக் காட்டி விற்பார்கள். அழுங்காமை ஓட்டை நாடு விட்டு நாடு கொண்டுபோவது குற்றம், சீனாவிலும் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். யானைத் தந்தம் பதித்த பழைய வாத்தியங்களும் அப்படியே. பழம்பொருளாக விற்கப்படுவதைத் தொடவே வேண்டாம். பழைமையான பொருள்களைச் சீனாவிலிருந்து வெளியே எடுத்துச்செல்லத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

7. சின்னப் பொருள்கள்

தாங்கி, உறை, திருகாணிச் சாவி, நகங்கள் எல்லாம் பெரும்பாலும் வாத்தியத்தோடு வரும். கூடவே வரும் நகங்களை மட்டும் மாற்றிவிடுங்கள். வலது கையில் சுண்டுவிரல் தவிர நான்கு விரல்களுக்கும் நகம் ஒட்ட வேண்டும், கட்டைவிரலுக்கானது மட்டும் வளைந்த வடிவம். கடையில் விரலில் வைத்துப் பார்த்து அளவு எடுங்கள். நைலான் நகம் தொடக்கத்துக்குப் போதும். நாடாவைச் சுமார் இரண்டு சுற்று, மூட்டில் படாமல் சுற்ற வேண்டும். விரல் நுனி மரத்துப்போனால் இறுக்கம் அதிகம்.

ஊருக்கு வரும்போது முழுத் தந்திக் கட்டு இரண்டும், முதல் ஐந்து தந்திகளில் தனி உபரியும், நாடா பத்துச் சுருளும் கட்டாயம் வாங்கி வாருங்கள். தந்திக் கட்டு 100 முதல் 300 யுவான். ஊரில் இவை எளிதில் கிடைக்காது.

8. கட்டுவதும் அனுப்புவதும்

கட்டும் முன், குதிரைகளின் அடியில் பென்சிலால் 1 முதல் 21 வரை எண் எழுதுங்கள். ஒவ்வொன்றின் உயரமும் வேறு, கலந்துவிட்டால் அடுக்கிச் சரிசெய்ய ஒரு நாள் போகும். அவை நின்ற இடங்களை மேலிருந்து புகைப்படம் எடுங்கள். குதிரைகள் பசையில் ஒட்டப்பட்டவை அல்ல, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கின்றன. எனவே எல்லாத் தந்திகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, குதிரைகளை எடுத்துத் தனிப்பையில் போட்டு, தந்திகளுக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய துணி விரியுங்கள். ஒரு ஓரத்துத் தந்திகளை முழுதாகத் தளர்த்திவிட்டு மறு ஓரத்துக்குப் போகாதீர்கள், பலகையில் இழுவை ஒருபக்கமாக விழும்.

இப்போது வழிகள். தபால் வழியில் ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட பொதியைப் பொதுவாக ஏற்பதில்லை, எனவே 163 செ.மீ. வாத்தியம் அங்கே நிற்காது. மீதி மூன்று:

விமானத்தில் கூடவே கொண்டுவருதல். சாதாரண உடைமைக்கு நீளம், அகலம், உயரம் கூட்டி 158 செ.மீ. என்பது பல விமான நிறுவனங்களின் வரம்பு. கட்டிய கூஜெங் 230ஐத் தாண்டும். பெரிய உடைமை என்ற பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். தொலைபேசியில் "சரி" என்றது விமான நிலையத்தில் செல்லாது. இணைப்பு விமானம் என்றால் இரண்டாவது விமானமும் ஏற்குமா என்று கேளுங்கள், சிறிய விமானங்களின் சரக்குக் கதவில் நுழையாமல் போகலாம்.

விமானச் சரக்கு. வேகமானது, ஆனால் கணக்கு எடையில் இல்லை, கொள்ளளவில் இருக்கிறது. 175 × 45 × 30 செ.மீ. பெட்டியை 6,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 39 கிலோ. கூரியர் நிறுவனங்கள் 5,000ஆல் வகுப்பதால் 47 கிலோ. உண்மை எடை இருபதைச் சுற்றி இருந்தாலும் நீங்கள் கட்டுவது இதற்குத்தான். பெட்டி ஒவ்வொரு பக்கமும் ஐந்து செ.மீ. பெருத்தாலும் கட்டணம் எகிறும், அளவு சொல்லி இறுக்கமாகச் செய்யச் சொல்லுங்கள்.

கப்பல் சரக்கு. ஷாங்காய் அல்லது நிங்போவிலிருந்து சென்னைக்குக் கடலில் இரண்டு முதல் நான்கு வாரம். உங்கள் பெட்டி கால் கன மீட்டர்கூட வராது, ஆனால் குறைந்தபட்சமாக ஒரு கன மீட்டருக்குக் கட்டணம் போடுவது வழக்கம். பெரிய பொறி இங்கேதான்: அனுப்பும் கட்டணத்தை மிகக் குறைவாகச் சொல்லிவிடுவார்கள். சென்னையில் இறங்கியதும் முகவர் கட்டணம், கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம் என்று அதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். "சேரும் துறைமுகத்தில் கட்ட வேண்டியவை என்னென்ன?" என்று எழுத்தில் பதில் வாங்காமல் பெட்டியை ஒப்படைக்காதீர்கள். நண்பர்கள் யாராவது வீட்டுச் சாமான் அனுப்பினால் அதோடு சேர்ப்பது எவ்வளவோ மேல்.

மரப்பெட்டி செய்வதானால், அது ஒட்டுப்பலகை அல்லாத முழு மரம் என்றால், மரப் பொதிகளுக்கான சர்வதேச விதிப்படி குத்தப்படும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். கோதுமைக் கதிர் வடிவச் சின்னமும், வெப்பம் ஊட்டப்பட்டது என்பதற்கு எச்.டி. என்ற எழுத்துகளும் பலகையில் குத்தப்பட்டிருக்கும். அது இல்லாத பெட்டியைத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, செலவு 200 முதல் 400 யுவான்.

கால அட்டவணை: நீங்கள் ஊர் திரும்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வாத்தியத்தை மூன்று மாதம் முன்பே வாங்கி வாசித்துப் பாருங்கள், குறை இருந்தால் மாற்றக் கால அவகாசம் இருக்கும். சரக்கு முகவரை ஆறு வாரம் முன் பேசி முடியுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் பட்டறை, கூரியர், முகவர் எல்லாம் ஓய்ந்துவிடும். அந்த நாட்களில் எதையும் திட்டமிடாதீர்கள்.

9. சென்னைச் சுங்கத்தில்

பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல், பயணச்சீட்டு, ஃபாபியாவும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், மர விவரத் தாள், பொதிப் பட்டியல், ஆதார், பான் அட்டை நகல்கள். இவ்வளவும் ஒரே கோப்பில் இருக்கட்டும். பொதிப் பட்டியலில் 9202 என்ற சுங்கத் தலைப்பு எண்ணை எழுதுங்கள், தந்தி இசைக்கருவிகள் அதில்தான் வரும். 'மரச் சாமான்' என்று முகவர் எழுதிவிட்டால் வேறு தலைப்பில் போய் மாட்டும்.

தனியாகச் சரக்கில் வரும் பொருளுக்கு, கையோடு கொண்டுவருவதற்குக் கிடைக்கும் தீர்வை விலக்கு அப்படியே கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. விலக்குத் தொகையும் தீர்வை விகிதமும் அரசு அவ்வப்போது மாற்றுபவை, பயணத்துக்கு முந்தைய வாரம் சுங்கத்துறையின் தளத்தில் பாருங்கள். விலையைக் குறைத்துக் காட்டச் சொல்லும் முகவரின் யோசனையை மறுத்துவிடுங்கள். வரிசை எண்ணை வைத்து விலையை யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

10. திறந்து சுருதி சேர்த்தல்

பெட்டி வந்ததும் உடைத்துத் திறக்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் அறையில் அப்படியே கிடக்கட்டும், மரம் நம் காற்றின் ஈரத்துக்குப் பழக வேண்டும். பிறகு எண் வரிசைப்படி குதிரைகளை வைத்து, முதல் நாள் தந்திகளைத் தொய்வில்லாத அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். மூன்று நான்கு நாளில் படிப்படியாக முழுச் சுருதிக்குக் கொண்டுவாருங்கள்.

சுருதி காட்டும் செயலியில் எழுத்தை மட்டும் பார்த்துத் திருகுவது பலரும் விழும் குழி. டி என்று காட்டினால் போதாது, பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். மிக மெல்லிய முதல் தந்தி டி 6, மிகத் தடித்த 21ஆம் தந்தி டி 2. ஒரு ஸ்தாயி தவறினால் தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். சுருதி ஏற்றும்போது முகத்தைத் தந்திக்கு நேரே வைக்காதீர்கள். சிறு வித்தியாசங்களுக்குத் திருகாணியைத் தொட வேண்டாம், குதிரையை வலப்பக்கம் நகர்த்தினால் சுருதி கூடும், இடப்பக்கம் நகர்த்தினால் குறையும். ஜி சுருதிக்கு மாற வேண்டுமென்றால், நான்கு எஃப் ஷார்ப் தந்திகளை மட்டும் அரைச்சுரம் ஏற்றினால் வேலை முடிந்தது.

பெய்ஜிங் போன்ற வடபகுதியில் இருக்கும் வரை எதிரி வறட்சி. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை வெப்பமூட்டி ஓடும் அறையில் பலகை வெடிக்கும், ஈரப்பதக் கருவி வையுங்கள். சென்னையில் எதிரி உப்புக்காற்று. தந்தியின் உள்ளே இருப்பது எஃகு. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து, உறை போட்டு மூடுங்கள். குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்தில் நிறுத்தாதீர்கள்.

பழுது பார்க்கும் விஷயத்தில் கடைசியாக ஒன்று. வீணை செய்பவர்கள் விரிசலை ஒட்டித் தருவார்கள், ஆனால் குதிரை உடைந்தால் அதே அளவில் இங்கே கிடைக்காது. சீனாவை விட்டுக் கிளம்பும் முன், வாத்தியம் செய்த பட்டறையை வீசாட்டில் சேர்த்துக்கொண்டு, உங்கள் வாத்தியத்தின் வரிசை எண்ணை அந்த உரையாடலிலேயே பதிந்து வையுங்கள். உடைந்த குதிரையின் எண்ணையும் படத்தையும் அனுப்பினால், சிறு பொதியாகத் தபாலில் மாற்று அனுப்பிவிடுவார்கள்.